ஊர் காற்று வாங்கக் கட்டிய ஆற்றங்கரை

1. முதல் நாள்

மேட்டூரில் அணை வேலை முடிந்ததும் ஆட்களைக் கலைத்துவிட்டார்கள். நான் ஊருக்குத் திரும்பினேன். முனிசிபாலிட்டியில் கேங் மேஸ்திரி வேலை காலி இருக்கிறது என்றார்கள். போய் நின்றேன். அணையில் வேலை பார்த்தவன் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். அணையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே ஆற்றங்கரைக்கு வரச் சொல்லி உத்தரவு. சேர்மன் அங்கே வருகிறார் என்றார்கள். போனேன்.

எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. மேற்கே சாயப்பட்டறையில் அன்றைக்குச் சிவப்பு முக்கினால் ஆறு சிவப்பு. நீலம் முக்கினால் நீலம். கோடையில் நிறமும் இல்லை, தண்ணீரும் இல்லை. கரையில் மட்டும் இரண்டு வரிசை புளியமரம். நடுவில் நீளமாக, நேராக, வெறும் தரை. அதுதான் நெசவுத்தெருக்காரர்களின் பாவடி.

பாவடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலை, அதாவது துணியில் நீளவாட்டில் ஓடும் இழைகளை, நீளமாக இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குக் கஞ்சி போட வேண்டும். கஞ்சி காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்துகொண்டே பெரிய பிரஷ்ஷால் நீவிவிட வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி. மறுபடி திரும்பி. நிற்கக் கூடாது. விடியற்காலையில் நிழலில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி இறுகும். இழை ஒன்றோடொன்று ஒட்டும். பிரித்தால் அறும். இவ்வளவுதான். இதற்கு நேரான இடமும் மர நிழலும் இருந்தால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

நான் போனபோது பாவு கட்டியிருந்தது. பழனியம்மா என்ற அம்மாள் அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். புருஷன் இல்லை. வீட்டில் இரண்டு குழித்தறி. மகளும் மருமகனும் நெய்கிறார்கள். பாவு வேலை அவள் பொறுப்பு. அந்தத் தெருவில் யார் வீட்டுப் பாவு என்றாலும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

சேர்மன் குதிரை வண்டியில் வந்தார். பெரிய பண்ணைக்காரர். பருத்தி அரைவை மில்லும் உண்டு. கூடவே மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த எஞ்சினீயர். பாவு குறுக்கே இருந்ததால் வண்டி நின்றது. சேர்மன் இறங்கினார். பெரிய சரீரம். இறங்கியதற்கே மூச்சு வாங்கினார்.

"இங்கதான். இந்தக் கரை பூராவும் பார்க்கு வரோணும்" என்றார்.

பழனியம்மா பிரஷ்ஷை நிறுத்தாமலே கேட்டாள். "பார்க்குன்னா என்னங்க சாமி?"

"ஜனங்க பொழுதோட வந்து உக்காந்து காத்து வாங்கற எடம்."

"காத்து இப்பவே சும்மாத்தானுங்க வருது."

"அது வேற காத்து. இது ஆரோக்கியத்துக்கு."

"அப்ப பாவு எங்கீங்க கட்டறது?"

சேர்மன் எஞ்சினீயரைப் பார்த்தார். எஞ்சினீயர் ஆற்றைப் பார்த்தார். நான் புதிது. எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

2. பிளான்

எஞ்சினீயர் நீலக் காகிதத்தில் பிளான் போட்டார். அது சுருண்டுகொள்ளும். கமிட்டி மெம்பர்கள் பார்ப்பதற்காக அதன் மூலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. அதனால் கமிட்டி பேசியது முழுக்கக் கேட்டேன்.

பிளானில் பாதை பாம்பு போல வளைந்து வளைந்து போனது. ஒரு மெம்பர் கேட்டார். "ஏனுங்க, இப்படி வளையுது? நேராப் போனா சீக்கிரம் போயிரலாமல்லோ?"

"சீக்கிரம் போகக் கூடாது சார். அதுக்குத்தான் பார்க். நேர்ப் பாதையில நடந்தா மனசுக்குச் சோர்வு. வளைஞ்சு போனா மனசு லேசாகும். சீமையில எல்லாம் இப்படித்தான்" என்றார் எஞ்சினீயர்.

டாக்டர் மெம்பர் ஒருவர் இருந்தார். புளியமரத்தை வெட்ட வேண்டும் என்றார். அதன் காற்று உடம்புக்கு ஆகாதாம். ஆரோக்கியத்துக்காகப் பார்க் கட்டி அதில் புளியமரத்தை வைப்பதா என்று மேஜையைத் தட்டினார். எல்லாரும் சரி என்றார்கள். அப்போது குமாஸ்தா எழுந்து, புளி மகசூல் வருஷா வருஷம் ஏலம் போகிறது, அது நகரசபை வரவு என்றார். டாக்டர் மெம்பர் கொஞ்சம் யோசித்தார். அளவோடு இருந்தால் புளியங்காற்று கெடுதி செய்யாது என்றார். மரங்கள் பிழைத்தன.

அடுத்தது பெஞ்சு. பெஞ்சு ஆற்றைப் பார்த்துப் போடுவது என்று தீர்மானம். பிறகு ஒரு மெம்பர், "அதுல யார் யார் உக்காரலாம்?" என்றார்.

"பொது ஜனங்க எல்லாரும்தான்."

"எல்லாரும்னா? எல்லாருமா?"

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் அதே பேச்சு. கடைசியில் வாசலில் 'பொது ஜனங்களுக்கு' என்று பலகை மாட்டுவது என்றும், மற்றதை வாசலில் இருப்பவர் பார்த்து நடத்துவது என்றும் முடிவானது. வாசலில் இருப்பவர் யார் என்றால் நான். எதைப் பார்த்து நடத்துவது என்று கேட்டேன். குமாஸ்தா அடுத்த பொருளைப் படித்தார். பார்க்கு திறந்த பிறகு யார் எவர் என்று நான் பார்க்கவில்லை. வந்தவர்களை விட்டேன்.

நெசவுத்தெருக்காரர்களைப் பற்றியும் பேசினார்கள். அது சீக்கிரம் முடிந்தது. சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம் பொறம்போக்கு இருக்கிறது, அங்கே கட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். பழனியம்மா தெருக்காரர்கள் நாலு பேரோடு ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். சேர்மன் வெளியே வந்து சொன்னார்.

"அங்க மேடும் பள்ளமுங்க. ஒரு மரங்கூட இல்லீங்க சாமி."

"மரம் நட்டுத் தாரோம்."

"அது வளர்ற வரைக்கும் நாங்க என்னத்தைத் திங்கறதுங்க?"

"ஊரு ஆரோக்கியத்துக்காகச் சித்த விட்டுக் குடுக்கோணும் பழனியம்மா."

"ஊருல நாங்க இல்லீங்களா?"

சேர்மன் வண்டியில் ஏறிவிட்டார்.

3. வேலி

முள்கம்பி வேலி போடச் சொன்னார்கள். போட்டேன். முதல் கல் நடும்போது பழனியம்மா வந்து நின்றாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்தக் கையில சோறு உங்கறீங்களா, வேற கை வெச்சிருக்கறீங்களா?"

"இதே கைதாம்மா."

"அப்ப நல்லா ஆழமா நடுங்க. நாளைக்கு ஆடு பூந்து பூவைத் தின்னுப்போட்டா ஊரு ஆரோக்கியம் கெட்டுப்போயிரும்."

ஆழமாகத்தான் நட்டேன். அது என் வேலை.

அதற்குப் பிறகு அவர்கள் அடுத்த தெருப் பாவடிக்குப் போனார்கள். அங்கே அந்தத் தெருக்காரர்கள் கட்டி முடித்துத்தான் இவர்களுக்கு முறை. முறை வரும்போது வெயில் நெற்றியில் அடிக்கும். ஒரு பாவு கட்டிதட்டிப் போயிற்று. இன்னொரு பாவு தறியில் ஏறியதும் இழை இழையாக அறுந்தது. நூல் கொடுக்கிற கடைக்காரர் பழனியம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு பாவு வீணானால் நூல் கிடையாது என்று சொல்லிவிட்டார். மருமகன் ஆட்டையாம்பட்டிக்குக் கூலித்தறி நெய்யப் போய்விட்டான். வீட்டில் ஒரு தறி சும்மா கிடந்தது. இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே போகிறவர்களிடம் சொல்வாள். எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்று சொல்வாள்.

பாம்புப் பாதை போட்டு, அதன் கோடியில் பேண்டு வாசிக்கத் தூண் வைத்த மேடையும் கட்டி முடித்தோம். சிமிண்டு பெஞ்சு ஆற்றைப் பார்த்து வரிசையாகப் போட்டோம். எஞ்சினீயர் உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்குச் சாயப்பட்டறையில் பச்சை. ஊர்ச் சாக்கடையும் அங்கேதான் ஆற்றில் சேர்கிறது. கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"பெஞ்சைத் திருப்பிப் போடு" என்றார்.

திருப்பினோம். இந்தப் பக்கம் திருப்பினால் எதிரே முனிசிபாலிட்டி குப்பை வண்டி நிற்கிற ஷெட். ஆற்றங்கரைப் பார்க்கில் உட்காருகிறவர்கள் ஆற்றுக்கு முதுகு காட்டிக் குப்பை வண்டியைப் பார்க்க வேண்டும். "ஷெட்டுக்கு வெள்ளையடிச்சிடு" என்றார் எஞ்சினீயர். அடித்தோம்.

4. கார்

திறப்பு விழாவுக்குக் கலெக்டர் துரை வருவதாக ஏற்பாடு. துரைசானியும் கூட வருகிறார். முன்கூட்டியே துரையின் தலைமைச் சேவகர், டபேதார், வந்து இடத்தைப் பார்த்தார். அஸ்தம்பட்டி கலெக்டர் பங்களாவிலிருந்து தலைப்பாகையோடு வந்து இறங்கினார். கலெக்டர் வந்தால்கூட அவ்வளவு தோரணையாக இறங்கமாட்டார்.

"பேண்டு மேடை எங்கே இருக்கு?"

"கடைசியிலேங்க" என்றேன்.

"கார் அது வரைக்கும் போகுமா?"

"இது நடக்கிற பாதைங்க. பார்க்கு."

"துரைசானி நடக்கமாட்டாங்க."

எஞ்சினீயர் பிளானைக் காட்டினார். மனசு லேசாகிற விஷயத்தையும் சொன்னார். டபேதார் கேட்டுக்கொண்டார். "மனசு லேசாகட்டும். கார் லேசில்லை. இந்த வளைவுல திரும்பாது" என்றார்.

சேர்மன் வந்தார். பாதையைப் பார்த்தார். டபேதாரைப் பார்த்தார். "நேராக்கிப் போடு" என்றார்.

"சார், டிசைனே போயிடும்."

"டிசைன் இருந்து துரைசானி வாராம போனா, பேண்டு வாசிக்கிறதை நீயும் நானுமா கேக்கறது?"

பூச்செடியைப் பிடுங்கினோம். பாம்புப் பாதையைக் கொத்தி எறிந்தோம். புளியமரம் இரண்டு வரிசைக்கும் நடுவில், வாசலிலிருந்து மேடை வரைக்கும், கயிறு பிடித்து நேராக ஒரே பாதை. மேடு பள்ளம் சமன் செய்து, கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் இழுத்தோம். நான் போட்ட பாதைகளில் அதுபோல நேரான பாதை வேறில்லை. அவசரத்தில் போட்டதுதான். ஆனாலும் நேராக வந்துவிட்டது.

விழா நடந்தது. கார் வந்தது. மேடை வரைக்கும் போயிற்று. சேர்மன் பேசினார். நகர மக்களின் தேக ஆரோக்கியத்துக்கும் மன அமைதிக்கும் என்று நிறையப் பேசினார். துரைசானி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். குப்பை ஷெட் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து அது கோயிலா என்று கேட்டதாகச் சொன்னார்கள். சேர்மன் ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். மாலை போட்டார்கள். கார் திரும்பிப் போயிற்று. அதோடு சரி.

5. திறந்த பிறகு

யாரும் வரவில்லை.

நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வேலை செய்கிறவர்களுக்குப் பொழுது சாயும்போது உட்கார நேரமில்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு வேறொரு சங்கடம். எங்கள் பக்கத்தில் வசதியானவன் காரணம் இல்லாமல் நடக்கமாட்டான். வண்டி இருப்பவன் வண்டியில் போவான். காலால் நடந்தால் அவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வெறுமனே போய்விட்டு வெறுமனே திரும்பி வருவது என்பது புத்தி பிசகியவர்கள் செய்கிற காரியம்.

இது சேர்மனுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள் சாயங்காலம் தனியாக வந்தார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என்னை அருகில் கூப்பிட்டார்.

"ஏப்பா, டாக்டரு தெனமும் நடக்கச் சொல்லிப்போட்டாரு. சக்கரை வியாதி. நடக்காட்டி கால் போயிருமாமா."

"நடங்க எசமான்."

"வேற எங்க நடக்கறது? தெருவுல நடந்தா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் இதைக் கட்டினது. யாரு கேட்டாலும் பார்வையிட வந்தாருன்னு சொல்லு."

சரி என்றேன். இத்தனை நாளும் ஊர் ஆரோக்கியம் என்று அவர் சொன்னது ஒரு ஆளின் ஆரோக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரும் ஊரில் ஒருவர்தான்.

நடக்க ஆரம்பித்தார். வேலிக்கு வெளியே போன ஒருவர் பார்த்துவிட்டார். "ஐயோ, வண்டி என்னுங்க ஆச்சு? அச்சு முறிஞ்சு போச்சுங்களா?" என்று ஓடி வந்தார். இல்லை என்றார் சேர்மன். "அப்ப குதிரைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" இல்லை என்றார். வந்தவர் நம்பவில்லை. தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். சேர்மனின் சொந்த வண்டி பின்னால் காலியாகப் போயிற்று.

மறுநாள் வந்தார். அதற்குள் சேர்மன் குதிரையை விற்றுவிட்டார் என்று ஊரில் பேச்சு. அதற்கு மறுநாள் மில்லே கை மாறுகிறது என்றார்கள். உறவுக்காரர் ஒருவர் பார்க்குக்கே வந்து, "என்ன கஷ்டமா இருந்தாலும் நாங்க இருக்கறமுங்க மாப்ளே. இப்படி ஆத்தோரமாத் தனியா வாரதெல்லாம் வேண்டாமுங்க" என்று கண் கலங்கினார். சேர்மனுக்குக் கோபம் வந்தது. வண்டியில் ஏறிப் போனார். பிறகு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆபீசில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. துணி சுற்றியிருந்தது. புண் ஆறவில்லை என்று பியூன் சொன்னார். பிறகு எப்படியோ ஆறிவிட்டது. இனி நடக்காவிட்டால் அடுத்த புண் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

பார்க்கு காலியாகவே இருந்தது. தினமும் பெருக்கினோம். விழுந்தது புளிய இலைதான்.

6. பாவு

ஒரு நாள் விடிகிற நேரத்தில் பழனியம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. வேலிக்கு அப்பால் தெருக்காரர்கள் சுமையோடு நின்றிருந்தார்கள்.

"மேஸ்திரி, அந்தப் பலகையில என்னமோ எழுதியிருக்குதே, அது என்னுங்க?"

படித்தேன். "பொது ஜனங்களுக்கு. காலை முதல் மாலை வரை."

"இப்பக் காலைதானுங்களே?"

"ஆமாம்மா."

"நாங்க பொது ஜனந்தானுங்களே?"

கதவைத் திறந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. காலையில் கதவைத் திறப்பது எனக்கு இட்ட வேலை.

வேகமாகக் கட்டினார்கள். ஒரு கோடி பேண்டு மேடைத் தூணில். மறு கோடி வாசலுக்குப் பக்கத்தில் முளை அடித்து. நடுவில் குறுக்குக் கழிகள். கஞ்சி பூசினார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீவ ஆரம்பித்தார்கள். பழைய பாவடியில் அங்கங்கே வேர் தட்டும். இப்போது தட்டவில்லை. "அட, தரை தாம்பாளமாட்ட இருக்குதே. நம்ம காசுல போட்டிருந்தாக்கூட இப்படிப் போட்டிருக்கமாட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"பேச்சை விடு. கையை ஓட்டு" என்றாள் பழனியம்மா. அவள் சிரிக்கவில்லை. அது கடைக்காரர் கொடுத்த கடைசி நூல்.

அன்றைக்கென்று எஞ்சினீயர் சீக்கிரம் வந்துவிட்டார். பாவைப் பார்த்தார். சத்தம் போட்டார்.

"என்னய்யா இது? அவிழ்த்து எறி! மேஸ்திரி, அவிழ்!"

"ஈரமுங்க. இப்ப அவுத்தாப் பாவே போயிருமுங்க" என்றேன்.

"போகட்டும்! இது ஜனங்க ஓய்வெடுக்கிற இடம்!"

ஓய்வெடுக்க அங்கே யாரும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் பியூனைச் சைக்கிளில் சேர்மன் வீட்டுக்கு அனுப்பினார். நெசவுக்காரர்கள் நீவுவதை நிறுத்தவில்லை. மகள் அழ ஆரம்பித்தாள். பழனியம்மா அவளைப் பார்த்து, "கண்ணைத் தொடச்சுக்க. தண்ணி பாவுல உழுந்தாக் கஞ்சி எளகிப்போயிரும்" என்றாள்.

சேர்மன் வந்தார். முகத்தில் தூக்கம். கோபம். வண்டியை விட்டு இறங்கினார்.

"பழனியம்மா! இங்க வா!"

அவள் மேடைக் கோடியில் இருந்தாள். "வர முடியாதுங்க சாமி! கஞ்சி காஞ்சிரும்! நீங்க வாங்க!"

சேர்மனைப் பார்த்து நீங்க வாங்க என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவர் நடந்தார். பாவின் ஓரமாகவே மறு கோடிக்குப் போனார். அவர் போய்ச் சேரும்போது அவள் திரும்பி இந்தப் பக்கம் நீவிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள். சேர்மனும் திரும்பினார்.

"நில்லு. பேசறேனில்ல?"

"நின்னா நூலு ஒட்டிக்குமுங்க. நடந்துக்கிட்டே பேசுங்க சாமி. காது கேக்குது."

"யாரைக் கேட்டுக் கட்டினே?"

"பலகையில பொது ஜனங்களுக்குன்னு எழுதியிருக்குதுங்க. மேஸ்திரிதான் படிச்சுச் சொன்னாரு."

சேர்மன் என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

"இது ஓய்வெடுக்கற எடம்."

"எடுக்கறமுங்களே. கோடிக்குப் போயித் திரும்பறப்பச் சித்த மூச்சு உட்டுக்கறமுங்க."

கோடி வந்தது. திரும்பினார்கள். சேர்மன் விடவில்லை. வேலி போட்ட செலவைச் சொன்னார். கலெக்டர் வந்ததைச் சொன்னார். அவள் கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். மருமகன் ஆட்டையாம்பட்டிக்குப் போனதைச் சொன்னாள். மறுபடி கோடி. மறுபடி திரும்பல். வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். வண்டி என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மற்றவரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"சேர்மனுங்க. விசாரணை பண்றாரு."

"அட, இந்நேரத்துலயே வந்துட்டாருங்களா? அவரல்லோ சேர்மன்!"

அது சேர்மன் காதிலும் விழுந்தது. அவர் ஒரு நிமிஷம் நின்றார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். நன்றாக வேர்த்திருந்தது. அதுவரை நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் கும்பிட்டார்கள்.

எஞ்சினீயர் ஓடி வந்தார். "அவிழ்க்கச் சொல்லட்டுங்களா சார்?"

"சும்மா இருய்யா. விசாரணை நடக்குதல்லோ?"

"எல்லாம் கண்ணெதிரேதானே சார் இருக்கு? இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

"ஒரு பக்கம் பாத்துப்போட்டு முடிவு சொல்லப்படாது." பழனியம்மா பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "நாளைக்கும் கட்டறீங்களா?"

அவள் புத்திசாலி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "நாளைக்குப் பக்கத்து ஊட்டுப் பாவுங்க சாமி."

"நானே நேர்ல வந்து பாக்கோணும். இது சாதாரணக் காரியமில்ல. தெனமும் வந்து பாத்தாத்தான் நெசம் தெரியும்."

"வாங்க சாமி. எங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சலில்லீங்க."

"முடிவு தெரியற வரைக்கும் பாவு இருக்கட்டும்" என்றார். அந்தப் பாவு நல்லபடியாகக் காய்ந்து, சுருட்டி, வீடு போய்ச் சேர்ந்தது.

7. விசாரணை

அந்த விசாரணை முடியவே இல்லை.

விடியற்காலையில் சேர்மன் வந்துவிடுவார். பாவின் வலது பக்கம் ஒரு போக்கு. இடது பக்கம் ஒரு போக்கு. நடுவில் நின்று இழையைப் பார்ப்பார். "ம்" என்பார். மறுபடி நடப்பார். அடுத்த புண் வரவில்லை. டாக்டர் மெம்பர் ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு, பொதுச் சுகாதார ரீதியிலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அவரும் வந்து சேர்ந்தார். அரிசி மில் வைத்திருந்த மெம்பருக்குத் தொந்தி. அவர் வரவு செலவு ரீதியில் விசாரித்தார். இவர்கள் வருவதைப் பார்த்து ஊரில் மற்றப் பெரிய மனிதர்களும் வந்தார்கள். விசாரணையில் சாட்சி சொல்ல வந்ததாகச் சொல்வார்கள். யாரும் சாட்சி கேட்கவில்லை. நடந்துவிட்டுப் போவார்கள்.

நெசவுக்காரர்களுக்கு ஆரம்பத்தில் கூச்சம். பிறகு பழகிவிட்டது. பழனியம்மா, "சாமி, சித்த அக்கட்டால நடங்க, கழி தட்டுது" என்பாள். சேர்மன் தள்ளி நடப்பார். பாவு காய்கிற நேரத்தில் நெசவுத்தெரு ஆட்கள் பெஞ்சில் உட்காருவார்கள். யார் யார் உட்காரலாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

எஞ்சினீயர் மட்டும் விடவில்லை. மாதம் ஒரு முறை வந்து, "விசாரணை எப்ப முடியும் சார்?" என்பார்.

"இருய்யா. ஒரு தெருப் பாவை வெச்சு எப்படிச் சொல்றது? பக்கத்துத் தெருப் பாவையும் கொண்டாரச் சொல்லியிருக்கறேன்."

பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். ஆனால் கட்டுவதில் முதல் முறை பழனியம்மா தெருவுக்குத்தான். ஆட்டையாம்பட்டியிலிருந்து மருமகன் திரும்பி வந்தான். சும்மா கிடந்த தறி ஓடியது. கடைக்காரர் நூலைக் கொடுத்தார். முன்பைவிட அதிகமாகவே கொடுத்தார். பாவு வேலை நடக்கிற இடத்தைச் சேர்மனே தினமும் பார்வையிடுகிறார் என்றால் சரக்கு நன்றாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

பிறகு எலெக்ஷன் வந்தது. சேர்மன் மாறினார். புது சேர்மன் முதல் நாள் பார்க்கைப் பார்க்க வந்தார். அவரும் கனத்த ஆள்தான். பாவையும் பழைய சேர்மன் நடந்துகொண்டிருந்ததையும் பார்த்தார். பதவி போன பிறகும் பழையவர் விசாரணையை விடவில்லை. புதியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இதென்னப்பா நடக்குது இங்க?"

"விசாரணைங்க."

"எதைப் பத்தி?"

யோசித்தேன். எனக்கே மறந்துவிட்டது. "இன்னும் முடிவாகலீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் விடியற்காலையில் துண்டோடு வந்தார்.

நகரசபை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நீங்கள் இன்றைக்கு நிறையப் படித்திருக்கிறீர்கள். ஆற்றங்கரையில் ஜனங்கள் இளைப்பாற இடம் அமைக்கச் சொன்னால் பெஞ்சு, பூச்செடி, விளக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உடம்புக்கு நல்லது, வா என்று கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். பிழைப்பு இருந்தால் ஏழை வருவான். அதிகாரம் செய்ய இடமிருந்தால் பெரிய மனிதன் வருவான். இரண்டு பேரும் வந்துவிட்டால் அது பார்க்கு. ஆகவே வேலி போடுவதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களைத் துரத்தாதீர்கள். பாதையை நேராகப் போடுங்கள்.